கணினிக்கு எந்த மொழி தெரியும்?

அரையாண்டுத் தேர்வு முடிந்து வகுப்புகள் தொடங்கிய வாரம், "அடுத்த ஆண்டு எந்தப் பிரிவு?" என்று எங்களை ஒவ்வொருத்தியாக எழுப்பிக் கேட்டார்கள். கணக்கில் எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள் வரும் தோழி ஒருத்தி எழுந்து, "கம்ப்யூட்டர் பிரிவுதான் ஆசை டீச்சர். ஆனால் எனக்கு இங்கிலீஷ் வராது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பின் எழுந்த நால்வரும் அதையே சொன்னார்கள். வகுப்பில் யாரும் வியப்படையவில்லை. வீட்டில் பெரியவர்கள் சொல்வதும், பேருந்தில் கல்லூரி அண்ணன்மார் பேசிக்கொள்வதும் அதுதானே? கணினிக்கு ஆங்கிலம்தான் தெரியும். ஆகவே தமிழ்வழியில் படித்த பெண்ணுக்கும் அதற்கும் ஒட்டாது. கேட்டுக் கேட்டு நாங்களும் அப்படியே நம்பியிருந்தோம்.

அந்த நம்பிக்கை தவறு என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம். வெறுமனே படித்துச் சொல்லவில்லை. செய்து பார்த்துச் சொல்கிறோம். நாங்கள் ஆறு பேர், மூன்று சனிக்கிழமைகள் பள்ளிக் கணினிக் கூடத்தில் உட்கார்ந்து, பல நிரல்மொழிகளை ஏற்கும் கம்பைலர் ஒன்றை மூலத்திலிருந்தே கட்டி நிறுவினோம். 'அது என்ன பெரிய வித்தை, பத்து நிமிடத்தில் கடைக்காரர் வந்து போட்டுத் தருவாரே' என்று கேட்பவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறோம். முதலில் கம்பைலர் என்றால் என்ன என்று பார்ப்போம்.

பனியன் கம்பெனியும் கம்பைலரும்

கணினிக்கு உண்மையில் ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது. அதன் உள்ளே இருக்கும் செயலி அறிந்தவை 0, 1 என்னும் இரண்டு குறிகளால் ஆன எண்கள் மட்டுமே. மனிதர் எழுதும் நிரலைப் படித்து, அதனைச் செயலிக்கு விளங்கும் எண்களாக மாற்றித் தரும் மென்பொருளே கம்பைலர். நம் பாடநூல்கள் இதனை 'நிரல்பெயர்ப்பி' என்கின்றன. ஆக, கணினிக்கு எந்த மொழி தெரியும் என்ற கேள்வியே பொருந்தாது. கம்பைலரை எழுதியவர்கள் அதற்கு எந்த மொழியைக் கற்றுக்கொடுத்தார்கள் என்றே கேட்க வேண்டும்.

இதனை நம் ஊர்ப் பெண்களுக்குப் பனியன் கம்பெனியை வைத்தே விளக்கிவிடலாம். பொழுது விடிந்ததும் கணியூர் வழியே திருப்பூர்ப் பக்கம் போகும் கம்பெனி வண்டிகளில் எங்கள் அம்மாக்களும் அக்காக்களும் போகிறார்கள். அவர்கள் கைபட்ட பனியன் ஜெர்மனிக்குப் போகிறது; பிரான்சுக்குப் போகிறது; அமெரிக்காவுக்கும் போகிறது. வாங்குபவர் ஒவ்வொருவரும் தம் நாட்டு வழக்கப்படி அளவும் நிறமும் எழுதி அனுப்புவர். அந்தக் கடிதம் அப்படியே டெய்லர் கைக்கு வருவதில்லை. அலுவலகத்தில் இருக்கும் மெர்ச்சண்டைசர் அதைப் படித்துப் புரிந்துகொண்டு, கம்பெனிக்குள் எல்லோருக்கும் விளங்கும் ஒரே மாதிரியான ஆர்டர் தாளாக மாற்றுகிறார். அந்தத் தாளைப் பார்த்தே கட்டிங் மாஸ்டர் துணி வெட்டுகிறார். ஓவர்லாக், பேட்லாக் மிஷின்களில் தையல் நடக்கிறது. செக்கிங் மேசையில் அம்மா பிசிறு பார்க்கிறார். ஜெர்மானியருக்கு ஒரு கம்பெனி, பிரெஞ்சுக்காரருக்கு வேறொரு கம்பெனி என்று யாரும் தனித்தனியே கட்டுவதில்லை.

பல மொழிகளை ஏற்கும் கம்பைலரும் இவ்வாறே மூன்று பகுதிகளாக அமைந்திருக்கிறது. முன்பகுதி ஒரு நிரல்மொழியைப் படித்து, கம்பைலருக்குள் வழங்கும் பொதுவான ஒரு வடிவத்திற்கு மாற்றுகிறது. மொழி ஒவ்வொன்றுக்கும் தனி முன்பகுதி உண்டு. நடுப்பகுதி எல்லா மொழிகளுக்கும் பொது. அது வீண் வேலைகளைக் களைந்து நிரலை விரைவாக்குகிறது. பின்பகுதி அதனை இந்தச் செயலிக்கு இப்படி, அந்தச் செயலிக்கு அப்படி என்று எண்களாக எழுதித் தருகிறது.

இதில் எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 4 நிரல்மொழிகளும் 5 வகைச் செயலிகளும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் இணைக்கும் தனித்தனிக் கம்பைலர் எழுதினால் 4 × 5 = 20 வேண்டும். முன், பின் எனப் பிரித்து எழுதினால் 4 + 5 = 9 பகுதிகளும் பொதுவான ஒரு நடுப்பகுதியும் போதும். நாளை புதிதாக ஒரு மொழி வந்தால் முதல் வழியில் இன்னும் 5 கம்பைலர்கள் எழுத வேண்டும். இரண்டாம் வழியில் ஒரே ஒரு முன்பகுதி எழுதினால் வேலை முடிந்தது. புதியவளுக்கு இடம் கொடுக்க வீட்டை இடிக்க வேண்டியதில்லை. ஒரு வாசல் வைத்தால் போதும்!

இவ்வாறு அமைந்தவற்றுள் உலகப் புகழ் பெற்றது ஜி.சி.சி. அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் இதனை முதன்முதலில் 1987-இல் வெளியிட்டார். அப்போது அது சி மொழிக்கு மட்டுமே உரியது; பெயரும் 'குனு சி கம்பைலர்' என்றே இருந்தது. பின்னர் சி++, ஃபோர்ட்ரான், ஏடா முதலிய மொழிகளும் வந்து சேர்ந்தன. ஒரு மொழியின் பெயரால் வழங்குவது பொருந்தாதென்று 1999-இல் 'குனு கம்பைலர் தொகுப்பு' எனப் பெயரை மாற்றினார்கள். 2011-இல் கோ, 2019-இல் டி, 2025-இல் பழைய மொழியான கோபோல் என வாசல்கள் பெருகி வந்திருக்கின்றன. பராமரிப்பார் இல்லாமல் போன ஜாவாவின் வாசல் 2017-இல் அடைக்கப்பட்டதும் உண்டு. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வரிகள் கொண்ட இதன் மூலத்தை எவரும் காசின்றிப் பெறலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். நம் நாட்டில் மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் உதய் கெட்கர், இதன் உள்ளமைப்பைக் கற்பிக்கவே பயிலரங்குகள் நடத்தியிருக்கிறார். 2019-இல் வந்த நம் மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில், சி++ நிரலைப் பைத்தான் வழியாக இயக்கும் பாடம் ஒன்று உண்டு. அங்கே சி++ நிரலைப் பெயர்த்துத் தரும் ஜி++ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

மூன்று சனிக்கிழமைகள்

எங்கள் கணினி ஆசிரியை பழைய கணினி ஒன்றை எங்களிடம் ஒப்படைத்து, "கெட்டால் கெடட்டும், நீங்களே சரிசெய்யுங்கள்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவருக்கு எங்கள் நன்றி.

முதல் சனிக்கிழமை ஜி.சி.சி.யின் மூலத்தை ஒரு ஃபோல்டரில் விரித்தோம். கட்டும் வேலையை அங்கேயே செய்யாமல், அருகில் காலியான வேறொரு ஃபோல்டரில் செய்ய வேண்டும் என்பது முதல் பாடம். துணி அடுக்கிய இடத்திலேயே வெட்டினால் என்ன ஆகும் என்பது நம் ஊரில் யாருக்குத் தெரியாது? பிறகு 'கன்ஃபிகர்' என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். நம் கணினியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அது சரிபார்க்கும். எந்தெந்த மொழிகள் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். நாங்கள் சி, சி++, ஃபோர்ட்ரான் மூன்றையும் கேட்டோம். சில நொடிகளில் ஆங்கிலத்தில் பல வரிகளைக் கொட்டிவிட்டு அது நின்றுவிட்டது!

உண்மையைச் சொல்கிறோம்: எங்களில் இருவர் அப்போதே பையை எடுத்துக்கொண்டார்கள். "நான்தான் சொன்னேனே, இதற்கெல்லாம் இங்கிலீஷ் வேண்டும்" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் அகராதியை எடுத்து வரிவரியாகப் படித்தோம். அத்தனை வரிகளுக்கும் சாரம் ஒன்றுதான்: ஜி.எம்.பி., எம்.பி.எஃப்.ஆர்., எம்.பி.சி. என்னும் மூன்று கணிதத் துணை நூலகங்கள் இல்லை. அவற்றைக் கொண்டு வா. குழம்பு வைக்க உட்கார்ந்தபின் வீட்டில் புளி இல்லை என்று அம்மா சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அவற்றைக் கொண்டுவந்து சேர்த்ததும் வேலை நகர்ந்தது. பையை எடுத்த தோழியர் பையைக் கீழே வைத்தனர்.

இரண்டாம் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு 'மேக்' என்னும் கட்டளையைக் கொடுத்தோம். திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. மதிய உணவு முடிந்தது, வரிகள் ஓடின. இரண்டு மணிக்கு மின்சாரம் போயிற்று. பேட்டரியும் பழையது; கணினி அணைந்துவிட்டது. அழாத குறைதான்! மின்சாரம் வந்ததும் அதே கட்டளையை மீண்டும் கொடுத்தோம். முடிந்த கோப்புகளை அது தானே அடையாளம் கண்டு, விட்ட இடத்துக்கு அருகிலிருந்து தொடர்ந்தது. தொடங்கிய வேலையை ஒழுங்காக அடுக்கிச் செய்தால், பாதியில் நின்றாலும் பாழாகாது என்பதை அன்று கண்டோம்.

ஏன் இவ்வளவு நேரம்? கம்பைலரும் ஒரு நிரல்தான். அதனை எண்களாக மாற்றவும் ஒரு கம்பைலர் வேண்டும்! இதென்ன புதிர் என்று எண்ணுவோர் தயிரை நினைத்துக்கொள்ளுங்கள். தயிர் உண்டாக்க உறைமோர் வேண்டும். உறைமோருக்குத் தயிர் வேண்டும். முதல் முறை பக்கத்து வீட்டில் வாங்கித்தானே உறை ஊற்றுகிறோம்? கணினியில் முன்பே இருக்கும் பழைய கம்பைலர், புதிய மூலத்தைப் பெயர்த்து முதல் கம்பைலரைத் தருகிறது. பக்கத்து வீட்டு மோரின் வாசம் அதில் இன்னும் இருக்கும். ஆகவே அந்த முதலாவதைக் கொண்டு அதே மூலத்தை மறுபடியும் பெயர்த்து இரண்டாவதையும், இரண்டாவதைக் கொண்டு மூன்றாவதையும் உண்டாக்குகிறார்கள். பின்பு இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிடுகிறார்கள். இரண்டும் ஒத்திருந்தால் கட்டுமானம் நம்பத்தக்கது. ஒவ்வாவிட்டால் எங்கோ பிழை. தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் இந்தப் பண்பு மனிதருக்கும் வேண்டும் அல்லவா?

ஏடா மொழியையும் சேர்க்க எங்களுக்கு மிகுந்த ஆசை. அம்மொழி ஏடா லவ்லேஸ் (1815–1852) என்னும் பெண்மணியின் பெயரைத் தாங்கியது. பூ வேலைப்பாட்டைத் துளையிட்ட அட்டைகளால் நெய்யும் ஜக்கார்டு தறியையும் கணக்கிடும் பொறியையும் ஒப்பிட்டு அவர் 1843-இல் எழுதினார். நெசவும் பின்னலும் நடக்கும் நம் பகுதிப் பெண்கள் இதை அறிந்திருக்க வேண்டும். ஆனால் ஏடாவின் முன்பகுதியைக் கட்ட, முன்பே ஓர் ஏடா கம்பைலர் கணினியில் இருக்க வேண்டுமாம். எங்களிடம் அந்த உறைமோர் இல்லை. அதை அடுத்து வரும் தங்கைமாருக்கு விட்டுவைத்திருக்கிறோம்.

மூன்றாம் சனிக்கிழமை பிற்பகல் ஒப்பீடு பிழையின்றி முடிந்தது. பள்ளிக் கணினியில் முன்பே இருந்த கம்பைலருக்கு இடையூறு வராதபடி, எங்களுடையதைத் தனி இடத்தில் நிறுவினோம். நிறுவும்போது இதுவே நல்ல வழக்கம்; புதியது கோணினாலும் பழையது காப்பாற்றும்.

'கூலி' உள்ளே போன வாசல்

சோதித்துப் பார்க்க என்ன நிரல் எழுதலாம்? எங்களில் நால்வரின் அம்மாக்கள் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவர்கள். ஒரு வாரத்தில் முடித்த பீஸ்களைப் பீஸ் கூலியால் பெருக்கி, முன்பணத்தைக் கழித்து, கைக்கு வருவது எவ்வளவு என்று சொல்லும் நிரலை எழுதினோம். சி மொழியில் எழுதியவள் விளையாட்டாக, எண்களை வைக்கும் மாறிகளுக்குக் 'கூலி', 'பீஸ்', 'முன்பணம்' என்று தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்தாள். பிழை காட்டும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தோம். காட்டவில்லை! 2020-இல் வந்த பத்தாம் பதிப்பு முதல், சி, சி++ நிரல்களில் பிற மொழி எழுத்துகளால் ஆன பெயர்களை ஜி.சி.சி. நேரடியாகவே ஏற்கிறது என்பதைப் பின்னர் அறிந்தோம்.

அதே நிரலை ஃபோர்ட்ரானில் எழுதியபோது 'கூலி' வாசலிலேயே நிறுத்தப்பட்டாள். இந்த எழுத்து செல்லாது என்றது. ஆங்கில எழுத்தில் அதே 'கூலி'யை எழுதியதும் உள்ளே விட்டது. முடிவில் இரண்டு நிரல்களும் ஒரே தொகையைத்தான் காட்டின.

தோழியரே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரே கணினி; ஒரே செயலி; நாங்களே கட்டிய ஒரே கம்பைலர். ஒரு வாசலில் தமிழ்ப் பெயருக்கு இடம் இருக்கிறது. அடுத்த வாசலில் இல்லை. இதற்குக் கணினி எப்படிப் பொறுப்பாகும்? சி மொழியின் விதியில் இடம் வைத்தவர்களும், அதன் முன்பகுதியில் அதற்கென வேலை செய்தவர்களும் இருந்தார்கள். மற்றதில் அந்த வேலை நடக்கவில்லை. அவ்வளவே.

இது இன்று நேற்றுத் தோன்றியதன்று. கம்பைலர் துறையின் முன்னோடி ஒரு பெண்மணி. அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் (1906–1992). 1952-இல் ஏ-0 என்னும் கம்பைலரை உருவாக்கியவர். எண்களுக்குப் பதிலாக வழக்கில் உள்ள சொற்களாலேயே நிரல் எழுதலாம் என்று 1950-களில் அவர் தம் நிறுவன மேலதிகாரிகளுக்குச் செய்து காட்டினார். ஆங்கிலக் கட்டளைகளோடு நிற்காமல், அவற்றைப் பிரெஞ்சுச் சொற்களாகவும் ஜெர்மன் சொற்களாகவும் மாற்றி, அப்போதும் அதே வேலை நடக்கும் என்று காட்டினார். மேலதிகாரிகள் மகிழவில்லை, மிரண்டுவிட்டார்கள்! பிலடெல்ஃபியாவில் செய்த அமெரிக்கக் கணினிக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படித் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். ஆங்கிலம் மட்டுமே வைப்போம் என்று சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று என்று ஹாப்பரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பொறிக்கு எல்லாச் சொல்லும் ஒன்றே. வேறுபாடு மேலதிகாரிகளின் மனத்தில் இருந்தது. "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று எங்கள் வகுப்புத் தோழி உட்கார்ந்தபோது, அந்த மேலதிகாரிகளின் எண்ணம் அவளுக்குள்ளும் குடியேறியிருந்தது.

அச்சு இயந்திரமும் தமிழ் அறிந்து பிறக்கவில்லை. 1578-இல் கொல்லத்தில் அண்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது, யாரோ சிலர் உலையருகே நின்று தமிழ் எழுத்துகளை வார்த்ததனால்தான். கணினித் துறையிலும் அப்படி உழைத்தவர்கள் உண்டு. முத்தையா அண்ணாமலை என்பவர் 2009-இல் அறிவித்த 'எழில்' என்னும் நிரல்மொழியில் கட்டளைகளே தமிழில் உள்ளன. திரையில் காட்டுவதற்குப் 'பதிப்பி' என்று எழுத வேண்டும். ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னே வரும். நாமோ 'மழை பெய்தால்' என்று பின்னே வைத்துப் பேசுகிறவர்கள். எழிலிலும் நிபந்தனையை முதலில் எழுதி அதன் பின்னரே 'ஆனால்' என்று எழுதுகிறோம். தமிழைச் சொல்லளவில் ஒட்டவைக்காமல், அதன் நடையையும் பார்த்துச் செய்திருக்கிறார்கள். எழில் ஜி.சி.சி.யைப் போன்ற கம்பைலர் அன்று. நிரலைப் படித்து அவ்வப்போதே இயக்கும் வகையைச் சேர்ந்தது. ஆயினும் வாசல் வைக்க முடியும் என்பதற்கு அது சான்று.

சில மறுப்புகள்

'அப்படியானால் ஆங்கிலமே வேண்டாமா?' என்று கேட்கலாம். வேண்டும், கட்டாயம் கற்போம். ஆனால் எவ்வளவு ஆங்கிலம் இருந்தால் தொடங்கலாம் என்பதே கேள்வி. 1989-இல் தரப்படுத்தப்பட்ட சி மொழியின் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 32. ஒன்றாம் வகுப்பில் 247 எழுத்துகளைக் கற்ற நமக்கு 32 சொற்கள் மலையா? அந்தச் சொற்களைக்கொண்டு சிந்திப்பது நம் கணக்கறிவு. அதற்கு மொழிப் பாகுபாடு இல்லை. ஆங்கிலம் முழுதும் வந்த பிறகே கணினி என்றால், நீந்தக் கற்ற பிறகே கிணற்றில் இறங்கு என்பது போலாகும்.

'ஆயத்தமாகக் கிடைப்பதை விட்டு, மூன்று சனிக்கிழமைகளை ஏன் வீணாக்க வேண்டும்?' என்பது அடுத்த கேள்வி. அன்றாட வேலைக்கு ஆயத்தமானதே போதும்; அதை மறுக்கவில்லை. ஆனால் கடையில் மாவு வாங்கும் வீட்டிலும் ஒருமுறையாவது அரிசி ஊறவைத்து ஆட்டிப் பார்த்தவள், மாவு புளித்தால் ஏன் என்று அறிவாள். மற்றவள் கடைக்காரரை எதிர்பார்த்து நிற்பாள். மேலும் ஒன்று. வீட்டில் கணினி பழுதானால் அண்ணனைக் கூப்பிடு, கூடத்தில் பழுதானால் சர்வீஸ்காரரைக் கூப்பிடு என்றே பெண் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். பிரித்துக் கட்டும் வேலை நம்முடையதன்று என்ற எண்ணம் அவ்வாறே ஊறிவிடுகிறது. எங்கள் ஆறு பேருக்கு அந்த எண்ணம் போய்விட்டது. மூன்று சனிக்கிழமைகளுக்கு இது நல்ல விலைதான்.

'இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே!' என்பாரும் உண்டு. அது எழுதும் சி நிரலும் இதே கம்பைலரின் வாசலில்தான் வந்து நிற்க வேண்டும். அங்கே பிழை என்று வந்தால், படித்து விளங்கிக்கொள்ள ஒருத்தி வேண்டாமா?

நாம் செய்ய வேண்டியது

ஹாப்பரின் மேலதிகாரிகள் இன்று இருந்தால் வியந்து போவார்கள். ஜி.சி.சி. தன் பிழைச் செய்திகளை இப்போது பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் சொல்கிறது. ஜப்பானிய மொழியிலும் வியட்நாமிய மொழியிலும்கூடச் சொல்கிறது. அம்மொழிகளைச் சேர்ந்த ஆர்வலர்கள் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்புகளை வைத்திருக்கும் கோப்புகள் மூலத்திலேயே தனி ஃபோல்டரில் உள்ளன. நாங்கள் கட்டிய பதிப்பில் அந்த ஃபோல்டரைத் திறந்து தமிழைத் தேடினோம். இல்லை. யாரும் தடுக்கவில்லை, யாரும் செய்யவும் இல்லை. கோடிக்கணக்கானோர் பேசும் மொழிக்கு ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது.

ஆகவே நாங்கள் ஓர் ஏடு தொடங்கியிருக்கிறோம். மூன்று சனிக்கிழமைகளிலும் எங்களைத் திகைக்க வைத்த பிழைச் செய்திகளை ஒரு பக்கமும், அவற்றின் தமிழ்ப் பொருளையும் செய்ய வேண்டியதையும் மறுபக்கமும் எழுதியுள்ளோம். இதுவரை நாற்பத்தொரு செய்திகள் உள்ளன. கணினிக் கூடத்தில் அலமாரியின் மேல்தட்டில் அந்த ஏடு இருக்கிறது. அடுத்து வரும் தங்கைமார் தங்களுக்கு வந்த பிழையையும் அதில் எழுதி வளர்க்க வேண்டும். நன்றாக வளர்ந்தால், அந்தக் காலி இடத்துக்கு அதுவே முதல் கல்லாகலாம்.

பள்ளிக்கும் எங்கள் வேண்டுகோள் மூன்று உண்டு. பிரிவு தேர்ந்தெடுக்கும் முன்பே பத்தாம் வகுப்புப் பெண்கள் எல்லோரும் ஒரு முறையாவது சொந்தக் கையால் ஒரு நிரலை எழுதி இயக்கிப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும். கணினிப் பிரிவில் சேருவோர் தம் கம்பைலரைத் தாமே நிறுவ வேண்டும். நிறுவித் தரக் கூடாது. சனிக்கிழமைகளில் தமிழ்வழி மாணவியருக்கும் கூடத்தைத் திறந்துவிட வேண்டும்.

அறிவியல் கண்காட்சி அன்று எங்கள் கூலி நிரலைப் பார்க்கப் பெற்றோர் வந்தார்கள். எங்களில் ஒருத்தியின் அம்மா எட்டாம் வகுப்போடு நின்று, பன்னிரண்டு ஆண்டுகளாகச் செக்கிங் வேலை பார்ப்பவர். "எனக்கு என்ன கண்ணு புரியப் போகுது?" என்று சொல்லிக்கொண்டே வந்து நின்றார். திரையில் ஓடிய ஆங்கிலக் குறிகளுக்கு நடுவே ஓர் இடத்தில் அவர் விரல் நின்றது. "இது கூலி... இது முன்பணம்... அட, இது என்னோட கணக்குத்தானே!" என்றார். பிறகு தம் கைநோட்டை எடுத்து, அந்த வாரத்து எண்களைச் சொல்லி, வரும் தொகையைச் சரிபார்த்துக்கொண்டார்.

"எனக்கு இங்கிலீஷ் வராது" என்று உட்கார்ந்த தோழி அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பிரிவு விண்ணப்பத்தை அவள் இன்னும் நிரப்பவில்லை. இந்தக் கட்டுரை முதலில் அவளுக்காக எழுதப்பட்டது. அவளைப் போல் உட்கார்ந்துவிட்ட எல்லோருக்காகவும் எழுதப்பட்டது. எழுந்து வாருங்கள், தோழியரே! கணினிக்கு எந்த மொழியும் தெரியாது. கற்றுக்கொடுக்கப் போகிறவர்கள் நாம்தான்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, ஐந்து தோழியர் சார்பிலும்